வேலைக்கும் விளையாட்டுக்கும் பயணத்துக்கும் ஒரே மடிக்கணினி: நெல்லைச் சீமை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அலுவலக வேலை, விளையாட்டு, அடிக்கடிப் பயணம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே மடிக்கணினியாக வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வண்ணார்பேட்டையில் மடிக்கணினி பழுதுநீக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒன்றுபோல் வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மாடல் பெயர்கள் ஓராண்டில் பழையதாகிவிடும் என்பதால், எந்தெந்த விவரங்களைப் பார்த்து வாங்குவது என்பதையே பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, நான் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்; மாதம் இருமுறை ஊருக்கு வருவேன். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு உள்ள இரண்டு லேப்டாப்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1.6 கிலோ, மற்றது 2.4 கிலோ. கனமானதுதான் விலை குறைவு. கார்டு ஒன்றுதான் என்றால் வேகமும் ஒன்றாகத்தானே இருக்கும்?

பதில்: இருக்காது, தம்பி. மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் கார்டின் (திரையில் படங்களை வரைந்து காட்டும் பகுதியின்) பெயர் பாதிச் செய்திதான். அதற்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்க மடிக்கணினி நிறுவனம் அனுமதித்திருக்கிறது என்பதே மீதிச் செய்தி. ஆர்டிஎக்ஸ் 4060இன் மடிக்கணினிப் பதிப்புக்கு, அதை உருவாக்கிய என்விடியா நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை செல்கிறது. மெலிந்த உடலுக்குள் வைக்கும்போது வெப்பத்தை வெளியேற்ற இடம் இல்லாததால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். பெயர் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உள்ள விவரப் பட்டியலில் 'டிஜிபி' (கார்டுக்குக் கிடைக்கும் மொத்த வாட்) என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணைத் தேடிப் பாருங்கள். அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால் அடாப்டரின் ஒட்டுத்தாளைப் பாருங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கி 230 வாட் என்று அறியலாம்; அத்தகைய அடாப்டர் கொடுத்திருப்பவர் உள்ளே கார்டைப் பட்டினி போட்டிருக்க மாட்டார்.

அதற்காகக் கனமானதையே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. 80, 90 வாட்டுக்கு மேல் இந்தக் கார்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் கூடுதல் வேகம் குறைந்துகொண்டே போகிறது. சத்தமும் சூடும் மட்டும் குறையாமல் ஏறுகின்றன. 230 வாட் அடாப்டர் தனியாகவே முக்கால் கிலோவை நெருங்கும் என்பதால், 2.4 கிலோ என்று விளம்பரத்தில் சொல்வது உங்கள் தோளில் மூன்று கிலோவுக்கு மேல் உட்காரும். மாதம் இருமுறை பயணம் செய்யும் உங்களுக்கு, 80 வாட்டுக்குக் குறையாமல் கொடுக்கும் 14 அங்குல மாடல் இருந்தால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன். அதற்கு அதிக விலை கேட்பார்கள். கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம்.

அதே வாசகர்: நெல்லை எக்ஸ்பிரஸில் வரும்போது சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாட முடியுமா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பெட்டியின் பிளக் பாயிண்டுகள் கைபேசிக்கும் சிறிய மடிக்கணினிக்கும் என அமைக்கப்பட்டவை. 230 வாட் அடாப்டரை மாட்டினால் அந்த வரிசையில் உள்ள அனைவருக்கும் மின்சாரம் நின்றுபோக வாய்ப்புண்டு. மேலும், தீ விபத்தைத் தடுப்பதற்காக இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் இணைப்பை நிறுத்திவைக்கும் நடைமுறையும் ரயில்வேயில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத் பகல் ரயில் என்பதால் அதில் வேலை பார்க்க வசதி அதிகம். இருக்கை அருகே பிளக் பாயிண்டும் உண்டு. அங்கும் பெரிய அடாப்டரைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, 65 வாட் அல்லது 100 வாட் டைப்-சி சார்ஜரைப் பயன்படுத்துவதே முறை.

இதற்காகவே, வாங்கப்போகும் மடிக்கணினி டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைப்-சி துளை இருப்பதாலேயே அது சார்ஜ் ஏற்கும் என்று பொருளல்ல. விவரப் பட்டியலில் 'பவர் டெலிவரி' என்ற குறிப்பு இருக்க வேண்டும். நிரல் எழுதுவதற்கும் மின்னஞ்சலுக்கும் 65 வாட் தாராளமாகப் போதும். விளையாட்டுக்கு 100 வாட்டும் போதாது. சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

பேட்டரியில் மட்டும் விளையாடுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். கணக்கு எளிது. 60 வாட்-மணி பேட்டரியிலிருந்து 90 வாட் இழுத்தால் 40 நிமிடங்களில் தீர்ந்துவிடும். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக மடிக்கணினியே கார்டின் வேகத்தையும் பாதி அளவுக்குக் கீழே குறைத்துவிடுவதுண்டு. மாறாக, அதே பேட்டரி 10 வாட் செலவாகும் எழுத்து வேலைக்கு ஐந்து, ஆறு மணி நேரம் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பெரிய கிராஃபிக்ஸ் கார்டு முழுதாக அணைந்து, பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் மட்டும் இயங்க வேண்டும். அதற்கான அமைப்பு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுச் செயலியில் இருக்கும். அதைத் தொடாமலே 'இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை' என்று பேட்டரி மாற்ற என்னிடம் கொண்டுவருபவர்கள் ஏராளம்.

ராதாபுரம் வட்டார வாசகர்: காற்றாலைப் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். ட்ரோன் எடுத்த படங்களை அங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். இரவில் அறையில் விளையாடுவேன். புழுதியும் வெயிலும் அதிகம். எது தாங்கும்?

பதில்: நமது சீமையில் இந்தக் கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டும், பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களின் கையேடுகளில் மடிக்கணினி இயங்கத்தக்க சூழல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை என்றே இருக்கும். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் மே மாதப் பிற்பகலில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். இணையத்தில் நீங்கள் பார்க்கும் சோதனை முடிவுகள் எல்லாம் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. உங்கள் அறையில் அதே மடிக்கணினியின் பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டவுடன் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும். ஆகவே வெளிக்காற்றை வாங்கி வெளியேற்ற இடம் உள்ள, சற்றுத் தடித்த 16 அங்குல மாடலே உங்களுக்குப் பொருத்தம். நீங்கள் வண்டியில் செல்பவர் என்பதால் எடை பெரிய தடையும் அல்ல.

புழுதி எப்படிக் கொல்கிறது என்பதைச் சொல்கிறேன். அடிமூடியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் மின்விசிறி ஓரளவு சுத்தமாகத்தான் தெரியும். அதைத் தூக்கியபிறகுதான், விசிறிக்கும் செப்பு வெப்பத் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துண்டு போல் ஒரு புழுதிப் பொருக்கு அடைத்துக்கொண்டிருப்பது தெரியும். விசிறி முழுவேகத்தில் சுற்றும், சத்தம் வரும், காற்று மட்டும் வெளியே வராது. வெளியிலிருந்து ஊதுவதால் இது போகாது, இன்னும் இறுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். அடிமூடியைச் சாதாரணத் திருப்புளியால் திறக்க முடிகிறதா என்பதையும், திறந்தால் வாரண்டி பாதிக்குமா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் தங்குபவர்களுக்கு உப்புக்காற்று மற்றொரு தொல்லை. திருகுத் தலைகளிலும் யூஎஸ்பி துளைகளின் உலோக விளிம்பிலும் துரு முதலில் தெரியும். அங்கே ஜன்னல் ஓர மேசையைத் தவிர்த்து, வேலை முடிந்ததும் மூடிய பையில் வைப்பது ஒன்றே வழி.

ட்ரோன் படங்களைச் சேர்க்கும் மென்பொருளுக்கு ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) நிறைய வேண்டும். 32 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். திரையின் வெளிச்சம் 500 நிட்ஸ் இருந்தால்தான் வெட்டவெளியில் ஏதாவது தெரியும். 300 நிட்ஸ் திரை வண்டிக்குள்ளேயே மங்கலாகி, கண்ணை இடுக்கிப் பார்க்க வைக்கும்.

வள்ளியூர் கல்லூரி மாணவி: 16 ஜிபி ராம் போதுமா? பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்கிறார்கள்.

பதில்: இன்றைக்குப் போதும், அம்மா. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது எல்லா மாடலுக்கும் பொருந்தாது. விவரத்தில் 'எல்பிடிடிஆர்5எக்ஸ்' என்று இருந்தால் ராம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; வாங்கும்போது உள்ளதே கடைசிவரை. 'டிடிஆர்5 சோடிம்' என்று இருந்தால் மாற்றலாம். மெலிந்த மாடல்களில் முதல் வகையே அதிகம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். அதைப் பெரும்பாலானவற்றில் மாற்ற முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்டின் சொந்த நினைவகத்தைப் பிற்பாடு கூட்டவே முடியாது. ஆர்டிஎக்ஸ் 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. நான்கு ஆண்டுப் படிப்பு முடியும்வரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அந்த 2 ஜிபிக்காகவே 4060 பக்கம் போகலாம்.

மேலப்பாளையம் வாசகர்: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். லேப்டாப் அங்கே வாங்குவது நல்லதா, இங்கே வாங்குவது நல்லதா? பிளக் மாறுவதால் சிக்கல் வருமா?

பதில்: மின்னழுத்தத்தில் சிக்கல் இல்லை. அடாப்டரில் '100–240 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். இரு நாடுகளிலும் அது இயங்கும். மாறுவது சுவரில் செருகும் முனை மட்டும்தான். அதற்குச் சாலையோரக் கடையில் விற்கும் மாற்று முனையை வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் வயர் தனியாகக் கழலும்; அந்த ஊர் மூன்று சதுர முனை உள்ள வயர் ஒன்றும், நமது மூன்று உருண்டை முனை உள்ள வயர் ஒன்றும் தரமானதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அடாப்டருக்கு உரிய தடித்த வயரைத்தான் வாங்க வேண்டும்.

18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியை வரியின்றி இந்தியாவுக்குக் கொண்டுவரலாம். இரண்டாவதாக ஒன்று கொண்டுவந்தால் விமான நிலையத்தில் விளக்கம் கேட்பார்கள். ஆனால் அங்கே வாங்குவதற்கு முன் வாரண்டி இந்தியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் மாடல் இரு நாடுகளில் உள்ளே வேறுபடும். 'இந்த எண்ணுக்கு உதிரி பாகம் இங்கே இல்லை' என்ற பதிலுடன் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விசைப்பலகையில் அரபி எழுத்து அச்சிட்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்; அது சிலருக்கு இடைஞ்சல், சிலருக்கு வசதி.

தூத்துக்குடி வழியாக விமானத்தில் செல்லும் வாசகர்: பவர் பேங்க் கொண்டுபோகலாமா?

பதில்: கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 20 ஆம்பியர்-மணி; அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி, தாராளமாகக் கொண்டுபோகலாம். பெரிய மடிக்கணினிகளின் பேட்டரி 99 வாட்-மணியில் நின்றுவிடுவதற்கும் இந்த விதிதான் காரணம்.

களக்காடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர்: வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டால் லேப்டாப்பின் உலோக உடம்பில் கை பட்டதும் சுருசுருவென்று இருக்கிறது. பெங்களூரில் அப்படி இல்லை. லேப்டாப்பில் கோளாறா?

பதில்: மடிக்கணினியில் கோளாறு இல்லை, வீட்டின் எர்த்தில்தான் கோளாறு. அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். அது எர்த் வழியே போய்ச் சேர வேண்டியது, வழி இல்லாதபோது உங்கள் கை வழியே போகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த குழியாக இருக்கும். மூன்றாவது முனையை உடைத்துவிட்டு இரண்டு துளை பாக்ஸில் செருகும் வழக்கத்தை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். சில மாடல்களின் அடாப்டருடன் 16 ஆம்பியர் பெரிய பிளக் வருவதுண்டு. அது சாதாரண பாயிண்டில் நுழையவில்லை என்றால் மேலே சொன்னபடி 6 ஆம்பியர் முனையுள்ள நல்ல வயரை மாற்றிக்கொள்ளலாம். 230 வாட்டுக்கு ஓர் ஆம்பியரைச் சற்றுத் தாண்டியே வேண்டும்.

அம்பாசமுத்திரம் திருமண வீடியோ எடிட்டர்: எடிட்டிங்கிற்கு மேக்புக் வாங்கவா? ஓய்வில் வாலோரண்ட் விளையாடுவேன்.

பதில்: எடிட்டிங் மட்டும் என்றால் மேக்புக் ப்ரோ சிறந்தது, பேட்டரியில் ஓடும்போதும் வேகம் குறையாது, மண்டபத்தில் உட்கார்ந்தே வேலையை முடிக்கலாம். ஆனால் வாலோரண்ட் மேக்கில் இயங்காது. அதை விட முடியாது என்றால் விண்டோஸ்தான். அப்போது திரை விவரத்தில் '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' (திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த விளையாட்டு மடிக்கணினிகளில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்ற, நிறம் குறைந்த திரை இருக்கும். அதில் பட்டுச்சேலையின் அரக்கும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். நீங்கள் அதை நம்பித் திருத்தினால், பெண் வீட்டாரின் டிவியில் நிறம் தூக்கலாக நிற்கும்.

சங்கரன்கோவில் வாசகர்: பழைய லேப்டாப் வாங்கலாமா?

பதில்: விளையாட்டு மடிக்கணினியில் வேண்டாம், ஐயா. அது எத்தனை வெயில் பார்த்தது என்று வெளியிலிருந்து தெரியாது.

பெயர் குறிப்பிடாத பலர்: வாங்கிய அன்று எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: கடையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது போதாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் அறையில், ஏசி இல்லாமல், கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் திரையில் காட்டும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள்) எண்ணையும் ஒரு மணி நேரத்துக்குப் பின் காட்டும் எண்ணையும் குறித்து ஒப்பிடுங்கள். பெரிதாகச் சரிந்திருந்தால், மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் அந்த எண்களையே காட்டிக் கேளுங்கள். கறுப்புத் திரையை வைத்து விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா, எல்லா டைப்-சி துளைகளும் சார்ஜ் ஏற்கின்றனவா என்றும் பாருங்கள். திருப்திப்பட்ட பிறகு, பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பை இயக்கி வைத்துவிட்டு, பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்கே ஆள் வரும் வாரண்டி என்று பில்லில் எழுதியிருந்தால், உங்கள் ஊர் பின்கோடுக்கும் ஆள் வருவாரா என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் அழைத்து அன்றே கேட்டுவிடுங்கள். திருநெல்வேலி டவுனுக்கு வருபவர் திசையன்விளைக்கும் வருவார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.