மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, காய்கறி போட்ட குழம்பில் சத்து எவ்வளவு? அது ரத்தசோகையைத் தீர்க்குமா?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். மனைவிக்கு ஹீமோகுளோபின் 9 என்று பரிசோதனையில் வந்திருக்கிறதாம், அதாவது ரத்தசோகை. ஞாயிறுதோறும் வீட்டில் மாட்டுக்கறியுடன் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். அதிலிருக்கும் சத்து போதாதா என்பது அவருடைய கேள்வி. நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் செவிலியராக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டிலும் இந்தக் குழம்பு உண்டு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ, உருளைக்கிழங்கு கால் கிலோ, கேரட்டும் பீன்ஸும் 100 கிராம் வீதம், வெங்காயம், தக்காளி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சரிசமமாகப் பிரித்துச் சாப்பிட்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 350 முதல் 400 கலோரி, 28 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து கிடைக்கும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் 46 கிராம். பாதிக்கும் மேல் ஒரே வேளையில் வந்துவிடுகிறது. துத்தநாகம் 5 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பி12 வைட்டமினில் ஒரு நாள் தேவை ஏறக்குறைய முழுவதுமே கிடைத்துவிடும். காய்கறியிலும் தானியத்திலும் பி12 கிடையாது என்பதால் இது பெரிய விஷயம்.

இரும்புச்சத்து மட்டும் 3.5 மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். எட்டில் ஒரு பங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் சாப்பிட்ட இரும்பு முழுவதும் ரத்தத்தில் சேர்வதில்லை. கறியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற வடிவில் இருக்கிறது. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உடல் எடுத்துக்கொள்ளும். கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றில் இருக்கும் இரும்பில் 10 சதவீதம் சேர்வதே அரிது.

நம் பக்கத்துச் சாப்பாட்டுக்கு இந்த இடம்தான் முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் கறிக்குழம்பு என்றால் பக்கத்தில் கேழ்வரகுக் களி இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் ஏறக்குறைய 350 மில்லிகிராம். இரும்பும் 4 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆனால் அதிலேயே இருக்கும் ஃபைடேட், டானின் என்ற பொருட்கள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்கின்றன. அதே வேளையில் கறித்துண்டும் உள்ளே போனால் தானியத்தின் இரும்பும் கூடுதலாகச் சேரும். வைட்டமின் சி இருந்தாலும் அப்படியே. ஆகவே களியையும் கறிக்குழம்பையும் ஒரே தட்டில் வைத்த நம் பெரியவர்களின் வழக்கத்தை நான் மனதாரப் போற்றுகிறேன். வெள்ளைச் சோற்றோடு சாப்பிடுவதைவிட இது மேல்.

பச்சை உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. கறியோடு சேர்த்தே குக்கரில் போட்டு ஆறேழு விசில் விட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும், கிழங்கும் கரைந்துவிடும். கறியைத் தனியாக வேகவைத்து, பிறகு கிழங்கையும் காயையும் போட்டு ஒரு விசிலோடு நிறுத்துங்கள். ராயக்கோட்டைத் தக்காளி மலிவாகக் கிடைக்கும் நாட்களில் தாராளமாகச் சேருங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. கேரட்டின் பீட்டா கரோட்டினைப் பற்றிக் கவலை வேண்டாம். எண்ணெயோடு வெந்தால்தான் அது உடலில் நன்றாகச் சேரும். ரத்தம் ஊறும் என்று பீட்ரூட்டை அள்ளிப் போடுகிறார்கள். அதன் சிவப்புக்கும் இரும்புக்கும் தொடர்பே இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கு சட்டிக்கானது. உங்கள் மனைவியின் தட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பல வீடுகளில் நான் பார்ப்பது இதுதான்: ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கரண்டியை அடிவரை விட்டுத் துண்டுகளை அள்ளிப் போடுகிறார்கள். கடைசியில் அந்தப் பெண் உட்காரும்போது சட்டியின் ஓரத்தில் ஒட்டிய மசாலா, நான்கைந்து உருளைக்கிழங்கு, ஒரு எலும்பு, இவ்வளவுதான் மிச்சம். களியில் குழி செய்து குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள். பி12இல் கொஞ்சம் குழம்பில் இறங்கியிருக்கும். புரதமும் இரும்பும் பெரும்பாலும் துண்டுகளோடு போய்விட்டன. வீட்டில் எல்லோரும் கறி சாப்பிட்டதாகத்தான் பேச்சு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மாதவிடாயில் இழக்கும் ரத்தமும் இதற்கு ஒரு காரணம். அப்படி இழப்பவளுக்குத்தான் துண்டு அதிகம் வேண்டும். அடுத்த ஞாயிறு முதல் கரண்டியை நீங்கள் வாங்கிக்கொண்டு அவருக்கு முதலில் பரிமாறுங்கள். இதை வேண்டிக் கேட்கிறேன்.

ஆட்டுக்கறிதான் சத்து, மாட்டுக்கறி மட்டம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புரதத்திலும் இரும்பிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் நல்ல உணவைக் கேவலமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காக எல்லை இல்லாமல் சாப்பிடச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சிவப்பு இறைச்சியை, புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்ற பிரிவில் 2015இல் சேர்த்தது. சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருந்தால் நல்லது. வாரம் ஒருமுறை சாப்பிடும் வீட்டில் அந்த அளவைத் தாண்டுவது அரிது. வெள்ளைக் கொழுப்பை வெட்டும்போதே நீக்கச் சொல்லுங்கள். மறுநாள் குழம்பின்மேல் ஆடையாக உறைந்து நிற்பதையும் வழித்து எடுத்துவிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் உருளைக்கிழங்கு இருக்கும் நாளில் களியைக் குறைத்து பீன்ஸைக் கூட்டிக்கொள்ளட்டும். சிறுநீரகக் கோளாறோ யூரிக் அமிலத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் குழம்பு வேண்டாம்.

ஹீமோகுளோபின் 9 என்பது உணவால் மட்டும் சட்டென்று ஏறிவிடாது. வாரம் ஒருநாள் கறிக்குழம்பு அதற்கு நிச்சயமாகப் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி, மாதவிடாய் மிகுதியா, குடற்புழுவா, வேறு காரணமா என்று பார்த்துவிட்டு, அவர் சொல்லும் காலம்வரை மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். டீயோடும் பாலோடும் கூடாது. கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.