அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான டெத்தின் இரண்டாவது ஆல்பமான ‘லெப்ரஸி’யில் புதிதாக என்ன இருக்கிறது?

முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்ட ஒருவர், இரண்டாவதையும் கேட்க வேண்டிய அவசியம் என்ன என்று இங்கே கேட்டிருக்கிறார். 1987இல் வந்த ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ பேய்ப்படங்களில் வரும் பிணங்களையும் இரத்தத்தையும் பாடியது. 1988இல் வந்த ‘லெப்ரஸி’யில் (தொழுநோய்) குழுவின் பாடகரும் கிதார் கலைஞருமான சக் ஷுல்டினர் மனிதருக்கு உண்மையிலேயே நேரக்கூடியவற்றின் பக்கம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 21 என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ‘புல் தி பிளக்’ பாடலில், உயிர்காக்கும் கருவிகளோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருக்கும் நோயாளியே தன்னை விட்டுவிடும்படி கேட்கிறார். ஆனால், எட்டுப் பாடல்களில் எல்லாமே இந்தத் தரத்தில் இல்லை. ‘பிரிமிட்டிவ் வேய்ஸ்’ பழைய பாணியிலேயே நின்றுவிட்டது.

தலைப்புப் பாடல் எனக்குச் சற்று நெருக்கமானது. நான் வாழும் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெயர் பெஸ்தாரி ஜெயா), ரப்பரும் பிறகு செம்பனையும் வளர்த்த தோட்டங்களை நம்பி உருவான ஊர். 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பும் எங்கள் சிலாங்கூர் மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆகவே, சமூகம் ஒருவரை வெளியே தள்ளுவதைப் பற்றி அந்தப் பாடல் பேசும் இடம் எனக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை. ஆனால், உடல் அழுகுவதை அது வருணிக்கும் விதம் பழைய அச்சத்தையே திரும்பச் சொல்கிறது. இந்நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை இழக்கச் செய்வதால், கவனிக்கப்படாத காயங்களே பெரும்பாலும் உறுப்புகளைச் சிதைக்கின்றன. மேலும், இதைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981லேயே பரிந்துரைத்துவிட்டது. எட் ரெப்கா வரைந்த அட்டைப்படமும் நோயாளியை ஓர் அரக்கனைப் போலக் காட்டுவதால், அதில் ஓவியத்திறனைத் தவிர வேறெதையும் என்னால் பாராட்ட முடியவில்லை.

இசைதான் இந்த ஆல்பத்தின் பெரும் பலம். புளோரிடாவின் தம்பா நகரில் உள்ள மோரிசவுண்ட் ஸ்டூடியோவில், டான் ஜான்சன் தயாரிக்க, ஸ்காட் பர்ன்ஸ் ஒலிப்பொறியாளராக இருந்து பதிவு செய்தார். டெத் மெட்டல் என்னும் வேகமும் உறுமல் குரலும் கொண்ட மெட்டல் வகையின் குழுக்கள் பல பின்னர் தேடிச் சென்ற ஸ்டூடியோ அது. பில் ஆண்ட்ரூஸின் முரசுகள், எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் அருகே வரும்போது நெஞ்சில் இடிப்பதைப் போலவே ஒலிக்கின்றன. இன்னொரு கிதார் கலைஞரான ரிக் ராஸின் தனி வாசிப்புகள் கம்பிகளை அலறவிடுவதோடு நின்றுவிட, ஷுல்டினருடையவற்றில் மெட்டு தலைகாட்டத் தொடங்குவதை அடுத்தடுத்துக் கேட்டால் உணரலாம். பேஸ் கிதார் டெர்ரி பட்லரின் பெயரில் அச்சிடப்பட்டிருந்தாலும், பதிவில் அதை வாசித்தவரும் ஷுல்டினரே.

நீங்கள் முதலில் ‘புல் தி பிளக்’கையும், அடுத்து ‘லெஃப்ட் டு டை’யையும் கேளுங்கள். அவை பிடித்திருந்தால் முழு ஆல்பத்துக்கும் சுமார் நாற்பது நிமிடம் ஒதுக்கலாம். பிடிக்காவிட்டால் நேரே 1991இன் ‘ஹியூமன்’ ஆல்பத்துக்குச் செல்லுங்கள், ஏனெனில் அதில் வாசிப்பு இன்னும் நுணுக்கமானது, பாடல்வரிகளில் பிணங்களுக்கு இடமே இல்லை.