ரப்பர் தோட்டத்துப் பேயும் புனைபெயரும் – கடிதம்

மதிப்பிற்குரிய சாருக்கு,

வணக்கம். இரண்டு ஆண்களின் காதலை வைத்து ஒரு திகில் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். களம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம். பால் வெட்டப் போன இடத்தில் ஒருவன் கொல்லப்படுகிறான், பிறகு பேயாக வருகிறான். இருவரும் காதலர்கள் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும். படித்த நண்பர், "இதையே எழுதினால் உன்மேல் முத்திரை குத்திவிடுவார்கள்" என்கிறார். இந்த வகையிலேயே தொடர்ந்து எழுதி நிலைக்க முடியுமா? புனைபெயர் வைக்கலாமா? வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ச., மார்த்தாண்டம்

அன்புள்ள ச.,

முத்திரையைவிட அந்தக் கடைசிப் பக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. காதலை மர்மத்தின் விடையாக வைத்தால், செத்தவனோடு எது போயிற்று என்று தெரியாமலே வாசகர் நாவல் முழுவதையும் கடப்பார். இழப்பு தெரியாத இடத்தில் பயம் வராது. போதாததற்கு, கொலைகாரன் நிற்கவேண்டிய இடத்தில் காதல் போய் நின்றுவிடும். முதல் அத்தியாயத்திலேயே வாசகரிடம் சொல்லிவிடுங்கள், ஊரிடம் மறையுங்கள். பிறகு டீக்கடையில் ஒருவர் "அவன் எங்கடே, ஆளையே காணோம்?" என்று சும்மா கேட்டாலே வாசகருக்கு வயிறு கலங்கும்.

இதற்கு ஒரு தாள் போதும். யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தெரியும் என்று பாத்திரம் பாத்திரமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கதை நடக்கும் ஆண்டும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வயதுவந்தோரின் சம்மத உறவு குற்றமில்லை என்று ஆனது. உங்கள் மிரட்டல்காரன் 2016இல் "போலீஸில் சொல்லிவிடுவேன்" எனலாம். 2022இல் அந்த மிரட்டல் செல்லாது. உன் அம்மாவிடம் சொல்வேன், பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்வேன் என்றுதான் அவன் பேசவேண்டும். சொல்லப்போனால் இது இன்னும் கொடூரமான ஆயுதம், நாவலுக்கும் வலு.

துப்பைப் பேச்சிலேயே ஒளித்துவைக்க நம் குமரி மாவட்டம் வசதியானது. ஆண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் 'மக்கா' என்கிறார்கள், யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் இருவரும் ஊர் நடுவில் மக்கா என்றே கூப்பிடட்டும், தனியாக இருக்கும்போது மட்டும் வேறொரு பெயர். ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கையில் அந்தப் பெயர் வாய்தவறி ஒருமுறை வரட்டும். வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் ரைட்டர் நிமிர்ந்து பார்ப்பார். அதற்குமேல் விளக்கவேண்டாம். 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைக் கதைசொல்லி தாராளமாகப் பயன்படுத்தலாம். பால் வெட்டுகிறவர் வாயில் அதை வைக்காதீர்கள்.

தோட்டத்தை நீங்கள் இன்னும் பயன்படுத்தவே இல்லை. ஒருவர் ஒரு விடியலில் ஏறத்தாழ 300 மரத்தில் பால் வெட்டுவார். தலையில் லைட், மரத்துக்கு மரம் சிறு நிறுத்தம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வெளிச்சம் நகர்வது மட்டும் தெரியும். மூன்றாவது வெளிச்சம் ஒன்று நிற்காமல் நகர்ந்தால் போதும், பேய்க்கு வேறு அலங்காரம் எதற்கு? கொலை நடந்த நேரமும் மரத்திலேயே இருக்கிறது. வெட்டிய மரத்துக்கும் வெட்டாத மரத்துக்கும் நடுவில்தான் செத்தவன் கை நின்றது. சேகரிக்க ஆளில்லாமல் சிரட்டையில் பால் தானாக உறைந்து கிடக்கும். எந்த மரத்தில் தொடங்கினான் என்று தெரிந்தால் எத்தனை மணிக்கு நின்றான் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவன் அவன் காதலன் ஒருவன்தான், ஆனால் சொன்னால் தானும் அங்கே இருந்தது வெளிப்படும். உங்கள் நாவலின் முடிச்சு இதுதான் என்பது என் எண்ணம்.

மழை கொட்டும் விடியலில் பால் வெட்டவைக்காதீர்கள். பட்டை நனைந்தால் பால் வெட்டு வழியே இறங்காமல் மரத்தில் பரவி வீணாகும், இங்குள்ள வாசகர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார். ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்ந்து தோட்டம் வெளிச்சமாகிவிடும், ஒளியவும் முடியாது. மழைக்காலத்து வெயில் நாளில் காய்கள் படீரென்று வெடித்துத் தெறிக்கும். அந்தச் சத்தத்தை விட்டுவிட்டீர்களே!

பேயைப் பற்றி ஒன்று. வெள்ளைச்சேலை, கண்ணாடியில் உருவம் எல்லாம் நமக்கு எதற்கு? அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவர் இங்கே வாதையாக, அதாவது கும்பிடப்படும் ஆவியாக நிற்கிறார், பீடம் கேட்கிறார். கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு அவர் பிறப்பையும் சாவையும் கொன்றவரையும் வரிசையாகப் பாடும். உங்கள் செத்தவன் பீடம் கேட்டால், அவன் யாரை நேசித்தான் என்பதையும் பாட்டில் சேர்க்கவேண்டிவரும். குடும்பம் அதற்கு ஒத்துக்கொள்ளுமா? உங்கள் உச்சக்காட்சி அங்கே காத்திருக்கிறது.

முத்திரைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஜோசப் ஹேன்சன் 1970 முதல் 1991 வரை ஒரே துப்பறிபவரை வைத்து 12 நாவல் எழுதினார். அந்த நாயகன் தன்பாலீர்ப்பாளன், இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரிப்பவன். பிணம் விழும் இடமெல்லாம் அவன் போக இயல்பான காரணம் இருந்தது, தொடர் நிலைத்தது அதனால். உங்களுக்கும் அப்படி ஒரு தொழில்காரன் வேண்டும். நம் கடற்கரைத் தூத்தூரின் ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளின் இன்சூரன்ஸ் பார்ப்பவன் என்றால் மலையும் கடலும் சேர்ந்து கிடைக்கும்.

பாட்ரீசியா ஹைஸ்மித் த்ரில்லரால் பெயர் பெற்றவர். இரு பெண்களின் காதலை 1952இல் வேறு பெயரில் வெளியிட்டார், 1990இல்தான் தன் பெயரில் கொண்டுவந்தார். ஆகவே புனைபெயர் தாராளமாக வைக்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் பான் அட்டையும் சொந்தப் பெயரில்தான் இருக்கும். சொந்தப் பெயரை வெளியிடக்கூடாது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பதிப்பகத்துக்கு உரிமை எத்தனை காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால், காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிமை கொடுத்தது 5 ஆண்டுக்கும் இந்தியாவுக்குள்ளும் மட்டும் என்றே கொள்ளப்படும். புனைபெயரில் வந்த நூலுக்கும் காப்புரிமை உண்டு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

நம் ஊர் சிறியது. பின்னட்டையில் மார்த்தாண்டம் என்று போடாதீர்கள். வீட்டுக் கிணறு, அப்பாவின் வேலை, தெருமுனைக் குருசடி (சிறு சிலுவைக் கோயில்) என்று அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிடுங்கள். ஆசிரியர் பிரதிகள் கூரியரில் வரும், பார்சலை வீட்டில் யாராவது பிரிப்பார்கள். நம்பிக்கையான நண்பர் ஒருவரின் முகவரியை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.