புதுத் தொட்டியில் மீன் விட்டு ஒரு வாரம் ஆகிறது, தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடலாமா?

வேண்டாம். இதைப் படிக்கும்போதே நீங்கள் வாளியோடு நிற்கலாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டி, நான்கு கோல்ட் ஃபிஷ், ஏழாவது நாள், ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, கடையில் கேட்டால் எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டு கல்லையும் ஃபில்டரையும் நன்றாகக் கழுவச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதித் தண்ணீரை இன்றைக்கே மாற்றுங்கள். ஃபில்டரையும் கல்லையும் தொடவே தொடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும், அதோடு கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி இன்னும் கொஞ்சம் சேரும். பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும், நைட்ரைட் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது, நைட்ரேட் மட்டும் அளவு ஏறாதவரை பெரிய தொந்தரவு தராது. அந்த இரண்டு பாக்டீரியாவும் தண்ணீரில் மிதப்பவை அல்ல, ஸ்பான்ஜிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை, பெருகுவதும் ரொம்ப மெதுவாகத்தான். நீங்கள் பார்க்கிற வெள்ளைக் கலங்கல் வேறு, அது தீனி மிச்சத்தைத் தின்று வேகமாகப் பெருகும் சாதாரண பாக்டீரியா, சில நாளில் தானாகத் தெளிந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துத் தேய்த்தால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். வாராவாரம் கழுவுகிற தொட்டி எத்தனை வருடமானாலும் புதுத் தொட்டிதான்.

என் முதல் தொட்டியில் நான் செய்தது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கல்லையெல்லாம் அள்ளி மொட்டை மாடியில் காயப்போட்டு, ஸ்பான்ஜைச் சோப்புப் போட்டுப் பிழிந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்குள் மூன்று மீனும் போய்விட்டன. கடைசியாகப் போன மீனின் வாலில் சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன, அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தெளிவான தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அதனால் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாவது சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள், காகிதப் பட்டையைவிட இதை நம்பலாம். என்னிடம் இருக்கும் ஏபிஐ கம்பெனி கிட்டில் அம்மோனியா பார்க்க, சோதனைக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, முதல் பாட்டிலிலிருந்து 8 சொட்டு, இரண்டாவதிலிருந்து 8 சொட்டு விட்டு, மூடி ஆட்டிவிட்டு 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. லேசாகப் பச்சை ஏறினாலே இருக்கிறது, கிளிப்பச்சைக்கு வந்தால் மீன் கஷ்டப்படுகிறது. நல்ல வெளிச்சத்தில், குழாயைக் கிட்டோடு வரும் வண்ண அட்டையின் வெள்ளைப் பகுதியில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே அரை பிபிஎம்மும் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒன்றும் ஒரே மாதிரி தெரியும்.

தினமும் காலையில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கூட்டி 0.5 பிபிஎம்மைத் தாண்டினால் அன்றைக்குப் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். கணக்கு எளிது, பாதியை மாற்றினால் அளவும் பாதியாகும், 1 இருந்தால் 0.5. 2 இருந்தால் காலையில் பாதி, சாயங்காலம் மறுபடி பாதி. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் பாக்டீரியா வளராதே என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை, மிச்சமிருக்கிற கால் பிபிஎம்மே அவற்றுக்குப் போதும்.

மாற்றுகிற தண்ணீர் எது என்பது முக்கியம். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு போடாமல் ஊற்றினால் மீனுக்கும் ஆபத்து, பாக்டீரியாவும் சாகும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு (7 நடுநிலை), 8 பக்கம் இருப்பது சகஜம், அங்கே அதே அம்மோனியா, பிஎச் 7-ல் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு விஷமாகிவிடும், அதனால் நீங்கள் போர் தண்ணீர்க்காரர் என்றால் 0.25-லேயே வாளியை எடுங்கள். உப்புத் தண்ணீராக இருக்கிறதே என்று கேன் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் கார்பனேட் ரொம்பக் குறைவு, பாக்டீரியா வேலை செய்யச் செய்ய பிஎச் இறங்கிக்கொண்டே போய், 6-க்குக் கீழே வந்தால் அவை கிட்டத்தட்ட நின்றுவிடும். அப்புறம், மத்தியானத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கை சுடுகிற சூட்டில் வரும், அதை நேராக ஊற்றி மீனை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ராத்திரியே வாளியில் பிடித்து வைத்துவிட்டுக் காலையில் மாற்றுங்கள்.

தீனி இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு சிட்டிகை. பசியோடு பார்க்கிற மாதிரித்தான் இருக்கும், மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள், ஆரோக்கியமான மீன் சில நாள் தின்னாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஏர் பம்பை நிறுத்தவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், பாக்டீரியாவுக்கும் அது வேண்டும். கடையில் தருகிற நீல மருந்தை முன்னெச்சரிக்கையாக ஊற்றாதீர்கள், அது நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும்.

இரண்டாவது வாரத்துக்குப் பக்கத்தில் அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறும். மீன் மறுபடி மேலே வந்து மூச்சு வாங்கினால் 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பை ஒரு மக்கில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். அடுத்து தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பு போட்டால் போதும். இந்தக் கட்டம்தான் நீளம், என் இரண்டாவது தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர 37 நாள் ஆனது. மூன்றாவது தொட்டிக்கு நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜில் ஒரு துண்டை, காயாமல் அவர் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்து வந்து என் ஃபில்டருக்குள் செருகினேன், இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. தெரிந்தவர் யாரிடமாவது நோயில்லாத தொட்டி இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று, நான்கு கோல்ட் ஃபிஷ் இரண்டடித் தொட்டிக்கு அதிகம். இரண்டையாவது கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள், ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள்.

ஒரு வாரம் தொடர்ந்து அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்று நோட்டில் வந்தபிறகு ஸ்பான்ஜைக் கழுவலாம். அதுவும் குழாயடியில் இல்லை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் இருக்கும் வாளியில் இரண்டு முறை அமுக்கி எடுத்து, ஈரத்தோடு திரும்ப மாட்டிவிடுங்கள். இன்றைக்கு அம்மோனியா என்ன காட்டியது, போர் தண்ணீரா மெட்ரோவா என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.