பெர்க்லி ஏற்க மறுத்தால் யாரிடம் முறையிடுவது?

கலிபோர்னியாவில் வசிக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "என் மகன் இங்கே கம்யூனிட்டி கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறான், இரண்டாண்டு முடிந்ததும் பெர்க்லிக்கு மாற விரும்புகிறான். எல்லாமே அரசு நிறுவனங்கள்தானே? இங்கே படித்த பாடங்களை அங்கே ஏற்க மறுத்தால் மேலிடத்தில் யாரிடம் முறையிடுவது?"

அப்படியொரு மேலிடம் அங்கே இல்லை. உயர்கல்வித் துறை, பல்கலைக்கழக மானியக் குழு என்று படியேறிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் கலிபோர்னியாவின் பொது உயர்கல்வி, மூன்று தனித்தனி வீடுகளாகவே கட்டப்பட்டது. 1960ஆம் ஆண்டின் முதன்மைத் திட்டம், பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினரைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினரைக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற வேறோர் அமைப்புக்கும் உரியவராக்கி, இரண்டாண்டுக் கம்யூனிட்டி கல்லூரிகளின் கதவை அனைவருக்கும் திறந்துவைத்தது. பெர்க்லி இவற்றுள் முதலாவதன் ஒரு வளாகம். அந்தப் பல்கலைக்கழகத்தை ஆளும் ரீஜென்ட்கள் குழுவுக்கு மாநில அரசியலமைப்பே தன்னாட்சி அளித்திருப்பதால், மாணவர் மாற்றம் குறித்துச் சட்டமன்றம் இயற்றும் சட்டங்கள்கூட, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவாகவும் ரீஜென்ட்களுக்குப் பெரும்பாலும் வேண்டுகோளாகவுமே அமைகின்றன. கம்யூனிட்டி கல்லூரிகளிலோ மாநில அளவிலான நிர்வாகக் குழு ஒருபுறமிருக்க, உள்ளூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் மாவட்ட அறங்காவலர்களிடமே அன்றாட நிர்வாகம் இருக்கிறது. மூன்றையும் ஒருங்கே பார்த்து ஆலோசனை சொல்ல ஓர் ஆணையம் இருந்தது. நிதி நிறுத்தப்பட்டதால் 2011இல் அதுவும் மூடப்பட்டது. அது இருந்த காலத்திலும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே, உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு எழுத்தில் உள்ள உடன்பாடுதான். அவர் படிக்கும் கல்லூரியின் எந்தப் பாடம் பெர்க்லியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது 'அசிஸ்ட்' என்ற அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஆண்டுவாரியாக, பாடப்பிரிவுவாரியாகப் பதிவாகியிருக்கும். பாடத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அதைப் பார்த்து, பக்கத்தையும் பாடத்திட்டத்தையும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத பாடம் குறித்துச் சிக்கல் எழுந்தால், சேர்ந்த பின் அந்தத் துறையின் ஆலோசகரிடமே பாடத்திட்டத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு பேராசிரியர்கள் கையில் இருக்கிறது.

"இடம் உறுதி" என்று யாராவது சொன்னால், எந்த உறுதி என்று கேளுங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்யூனிட்டி கல்லூரிகள் வழங்கும், மாற்றத்துக்கான இணைப் பட்டம் (இரண்டாண்டுப் பட்டம்), மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஏதேனும் ஒரு வளாகத்தில்தான் இடம் தரும். பெர்க்லிக்கு அது செல்லாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதித் திட்டத்திலும் ஆறு வளாகங்களே உள்ளன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ மூன்றும் அதில் இல்லை. அந்த ஆறிலும் எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் உறுதி கிடையாது என்பதால், கணினி அறிவியலுக்கு உண்டா என்பதை வளாகவாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்திட்டத்தில் ஒரு வளாகத்துக்கு மட்டுமே, செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்கலாம். அப்படி ஓர் இடத்தைக் கைவசம் வைத்துக்கொண்டே, பெர்க்லிக்கு வழக்கமான போட்டியில் விண்ணப்பிக்கத் தடையில்லை.