டெஸ் மொயினில் நான் தோற்ற நூறு டாலர்

தம்பி, அயோவா மாநிலத்து டெஸ் மொயினுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், 2028இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வருவார் என்று உங்கள் அலுவலகத்தில் இப்போதே பந்தயம் கட்டுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கருத்துக்கணிப்பில் முன்னால் நிற்பவர் மேல் பணம் வைக்கலாமா, குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது, நல்ல புழுங்கலரிசி எங்கே கிடைக்கும் என்று மூன்று கேள்விகள். கோட்டையும் அரிசியையும் பற்றி இங்குள்ள தமிழர் எவரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவார், அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பந்தயத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இதே ஊரில், இதே கேள்வியில் நூறு டாலர் தோற்றவன் நான்.

2003 அக்டோபரில் இங்கே வந்து இறங்கினேன். என்னை அழைத்து வந்த கன்சல்டன்சி முதல் ஆறு வாரத்துக்குச் சம்பளம் தரவில்லை. கார் கிடையாது. பேருந்து நிற்குமிடத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற இருபது நிமிடத்தில் காது மரத்துப்போகும். காப்பீட்டு நிறுவனங்கள் நிறைந்த இந்த ஊரில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஒருவழியாக வேலை கிடைத்தபோது, அங்கே எல்லோரும் ஹோவர்ட் டீன் என்ற பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநரான அவர், ஈராக் போரை எதிர்த்துப் பேசியும் இணையம் வழியாகச் சிறுசிறு தொகையாக நன்கொடை திரட்டியும் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். டிசம்பரில் முன்னாள் துணை அதிபர் அல் கோர் அவருக்கு ஆதரவு தெரிவித்தார். ஜனவரியில் ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்த தொண்டர்கள் வெளிமாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து கதவு கதவாகத் தட்டினார்கள். நம் ஊரில் தேர்தல் பார்த்து வளர்ந்தவன் நான். இவ்வளவு கொடியும் கூட்டமும் இருந்தால் ஜெயித்தாயிற்று என்று முடிவு கட்டி, சக ஊழியர் நீட்டிய தாளில் டீன் பெயருக்கு நேரே நூறு டாலர் எழுதினேன். அன்று என் வீட்டு வாடகையில் அது ஐந்தில் ஒரு பங்கு.

ஜனவரி 19ஆம் தேதி இரவு, பக்கத்து வீட்டில் தனியாக வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வேடிக்கை பார்க்க வா என்று தம் காரில் என்னை அழைத்துப் போனார். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் இந்தக் கூட்டத்தை இங்கே காக்கஸ் என்பார்கள். வாக்குச்சீட்டுத் தேர்தல் என்று நினைத்துப் போனேன், ஆனால் பள்ளி உணவுக்கூடத்தில் நடந்தது வேறு. அண்டை அயலார் நூற்றுச் சொச்சம் பேர் கூடி, அவரவர் வேட்பாளரின் பெயர் ஒட்டிய மூலையில் போய் நின்றார்கள். தலையை எண்ணினார்கள். பதினைந்து சதவீதத்தை எட்டாத மூலைக்காரர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். எங்கள் ஆசிரியையம்மா, டீனுடன் போட்டியிட்ட டிக் கெப்ஹார்ட்டின் ஆள். 1988இல் அவர் அயோவாவில் ஜெயித்த நாளிலிருந்து மாறாத விசுவாசம். அந்த மூலை அன்று எட்டவில்லை. மற்ற மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பேசினார்கள். டீனின் ஆட்களும் வந்தார்கள். மாதக்கணக்காக டீனும் கெப்ஹார்ட்டும் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டிருந்ததை அந்த அம்மா மறக்கவில்லை. நிமிர்ந்தும் பாராமல் இன்னொரு வேட்பாளரான ஜான் எட்வர்ட்ஸின் மூலைக்கு நடந்தார்.

அன்றிரவு முடிவு ஜான் கெரிக்கு 38, எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு 18 சதவீதம். தம் வீட்டை அடமானம் வைத்துப் பிரச்சாரத்தை ஓட்டிக்கொண்டிருந்த கெரியின் மேல் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் பணம் வைத்திருந்தார். அவர் அயோவாவில் பன்றிப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். அத்தனை பேரின் பணத்தையும் அள்ளிக்கொண்டு போனார்.

ஆகவே, நாடு முழுவதும் எடுக்கிற கருத்துக்கணிப்பை முன்கூட்டியே பார்த்துப் பணம் வைக்காதீர்கள். அப்படி ஒரு தேர்தல் இந்த நாட்டில் நடப்பதே இல்லை. மாநிலம் மாநிலமாக, வாரம் வாரமாக நடக்கிற தேர்தல் இது, முந்தைய மாநிலத்தின் முடிவு அடுத்த மாநிலத்தின் மனத்தை மாற்றிவிடும். 2007ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் நாடளாவிய கணிப்புகளில் ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளின்டனும் குடியரசுக் கட்சியில் ரூடி ஜூலியானியும் முன்னால் இருந்தார்கள். வேட்பாளரானவர்களோ ஒபாமாவும் மெக்கெய்னும். மாநில அளவிலான கணிப்பும் காலை வாரும். 2016இல் மிச்சிகனில் கிளின்டன் ஏறக்குறைய இருபது புள்ளி முன்னிலை என்று காட்டியிருக்க, பெர்னி சாண்டர்ஸ் நூலிழையில் ஜெயித்தார்.

நம்மவர்களுக்கு, இருபது வருடம் இங்கே இருப்பவர்களுக்கும்கூட, ஏறாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே வாக்கை எண்ணிப் பயனில்லை, கட்சி மாநாட்டுக்குப் போய் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை எண்ண வேண்டும். டெலிகேட் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வது இவர்களைத்தான். ஜனநாயகக் கட்சியில் பதினைந்து சதவீதம் தாண்டிய எல்லோருக்கும் வாக்கின் விகிதப்படி பங்கு உண்டு. அதனால் பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாயன்று, 2008இல், நியூ ஜெர்சி என்ற பெரிய மாநிலத்தை ஜெயித்த கிளின்டனுக்கு அங்கே கிடைத்த லாபம் பதினொரு பிரதிநிதிகள்தான். அதே நாளில் ஐடஹோ என்ற சின்ன மாநிலத்தின் காக்கஸை வாரிச் சுருட்டிய ஒபாமாவுக்கோ பன்னிரண்டு. டெக்ஸாஸில் வாக்கில் ஜெயித்தவர் கிளின்டன், ஆனால் அதே மாநிலத்தின் காக்கஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதிகப் பிரதிநிதிகளுடன் வெளியேறியவர் ஒபாமா. விதிப் புத்தகத்தை அவருடைய ஆட்கள் படித்திருந்தார்கள். குடியரசுக் கட்சியில் கதை வேறு. பல மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே பெரும்பங்கு அல்லது முழுப்பங்கு. 2016இல் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்கு வாக்கைக்கூட எட்டாத டிரம்ப், அந்த மாநிலத்தின் ஐம்பது பிரதிநிதிகளையும் எடுத்துக்கொண்டார். எதிரிகள் வாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தவரை அது போதுமாயிருந்தது. எந்தக் கட்சி, எந்த மாநிலம், என்ன விதி என்று கேட்காமல் பேசுகிறவருடன் பந்தயம் கட்டாதீர்கள், வாதாடவும் வேண்டாம்.

பிறந்தநாள் விருந்துகளில் உங்களுக்கு இன்னொரு வகை ஆட்கள் கிடைப்பார்கள். 2019இல் கமலா ஹாரிஸ்தான் வேட்பாளர் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். காரணம் கேட்டால் மன்னார்குடிக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரம் அவருடைய தாத்தாவின் ஊர் என்றார். அயோவா வாக்களிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, டிசம்பரில், ஹாரிஸ் விலகிவிட்டார். 2024 ஜூலையில் பைடன் விலகி, ஹாரிஸ் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தல் எதிலும் ஜெயிக்காமலே வேட்பாளரானபோது, அதே நண்பர் தாம் அன்றே சொன்னதாக எல்லோருக்கும் நினைவூட்டிக்கொண்டிருந்தார். விவேக் ராமசாமி தமிழ் பேசுகிறார் என்று ஒரு காணொளி சுற்றியதும் இன்னொரு கூட்டம் கிளம்பியது. அவர் அயோவாவில் நான்காமிடம் பிடித்து அன்றிரவே விலகினார். ஊர்ப்பாசம் கணிப்பாகாது என்று சொல்லப்போக, என்னை மனம் வெள்ளைக்காரனாகிவிட்டவன் என்கிறார்கள். தங்கள் கவுன்ட்டியின் பெயர்கூடத் தெரியாதவர்கள் அவர்கள்.

சரி, முதல் மாநிலங்களின் முடிவையாவது நம்பலாமா என்று கேட்பீர்கள். 2020இல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. ஆசிரியையம்மா உயிரோடு இருந்திருந்தால் அவரே கைவிட்டிருப்பார். ஆனால் பிப்ரவரி 29ஆம் தேதி தென் கரோலினாவில், கறுப்பின வாக்காளர்களின் பலத்தில் பைடன் பெருவெற்றி பெற்றார். அடுத்த இரண்டு நாளில் போட்டியிலிருந்த பீட் பூட்டஜெஜ்ஜும் ஏமி க்ளோபுஷரும் விலகி அவர் பக்கம் வந்தார்கள். மார்ச் 3ஆம் தேதி பதினான்கு மாநிலங்களில் பத்து அவர் கைக்குப் போயின. மூன்றே நாளில் எல்லாம் புரண்டது. அடுத்து எந்த மாநிலம், அங்கே யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு மட்டும் அது அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. அதன்பின் 2024இல் அக்கட்சி தென் கரோலினாவையே முதலில் வைத்து, அதுவரை அயோவாவுக்கு இருந்த முதலிடத்தைப் பறித்தது எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் ஆறாத கோபம். ஆகவே 2028க்கான கால அட்டவணை உறுதியாகும் வரை உங்கள் பணப்பை சட்டைக்குள்ளேயே இருக்கட்டும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனால், வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்பார்கள். குடியுரிமை இல்லாத நீங்கள் வேண்டாம் என்று சொல்லி, படிவத்திலும் அப்படியே குறித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். குடிமகன் என்று தவறாகச் சொல்லிக்கொள்வது, பிற்காலத்தில் பச்சை அட்டையையே இழக்க வைக்கக்கூடிய குற்றம். விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும் ஐந்து டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. பச்சை அட்டை வந்தபின் தரலாம். கூட்டத்துக்குப் போங்கள், வேட்பாளரின் கையைக் குலுக்குங்கள், அதற்கெல்லாம் தடையில்லை.

எனக்குக் குடியுரிமை வந்தபின் நான் நின்ற முதல் காக்கஸ் 2020 பிப்ரவரி 3ஆம் தேதி நடந்தது. பதினாறு வருடத்துக்கு முன் வேடிக்கை பார்த்த அதே உணவுக்கூடம். க்ளோபுஷரின் மூலையில் நின்றேன். நான்கு பேர் குறைந்ததால் நாங்கள் கலைய வேண்டியதாயிற்று. இரண்டு மூலைகளிலிருந்து அழைத்தார்கள். ஒருவர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் புள்ளிவிவரத்தோடு விளக்கினார், அழகாகத்தான் விளக்கினார். மற்ற மூலையில் நின்றவர், நான் ஊருக்குப் போயிருந்த மாதத்தில் என் வீட்டு வாசல் பனியைச் சொல்லாமலே தள்ளிவைத்த எதிர்வீட்டுக்காரர். கையசைத்தார், போய் அவர் பக்கத்தில் நின்றேன். மறுநாள் அலுவலகத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டார்கள். முடிவு அனுப்பும் செயலி பழுதாகி, அது தெரியவே நாட்கள் ஆயின.