திருட்டு வித்தையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முப்பது வருடமாக கிரிக்கெட் பார்ப்பவன் நான். 2025 ஆசியக் கோப்பையில் நம் வீரர்கள் பாகிஸ்தான்காரர்களோடு கை குலுக்காமல் போனதிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது. 1999இல் சேப்பாக்கத்தில் ஜெயித்த பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் எங்கே, இன்றைய பையன்கள் எங்கே? இப்போது அணிக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. ஆளுக்கொரு விளம்பரம், ஆளுக்கொரு ஐபிஎல் அணி. விக்கெட் விழுந்தால் கட்டிப்பிடிப்பதுகூட கேமராவுக்காகத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிரியைப் பாராட்டலாம், ஆனால் பாகிஸ்தானின் ரிவர்ஸ் ஸ்விங் என்பது பந்தைச் சுரண்டிச் செய்த திருட்டு வித்தைதானே? பகைமை விளையாட்டை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? விளக்க வேண்டுகிறேன்.

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

கை குலுக்கல் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அரசும் வாரியமும் அணியும் ஒரே நிலைப்பாட்டில் இருந்ததாக கேப்டன் சூர்யகுமார் யாதவே அன்றைக்குச் சொல்லிவிட்டார். அதில் கிரிக்கெட் கொஞ்சம்தான். விட்டுவிடுங்கள்.

சேப்பாக்கத்தை எடுத்து இன்றைய பையன்களை அடிக்காதீர்கள் ஐயா. நமக்கு 271 இலக்கு. 82க்கு ஐந்து விக்கெட் போனபின் டெண்டுல்கரும் மோங்கியாவும் நின்று ஆடினார்கள். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்துவிட்டு அவுட்டானபோது ஸ்கோர் 254. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் விழுந்தன. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. அவர்களுடைய சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்குக்கு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட். நாலு நாள் அப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்தவன் எழுந்து நிற்காமல் என்ன செய்வான்? ஆனால் அடுத்த மாதமே கல்கத்தா ஈடன் கார்டன்ஸில், டெண்டுல்கர் ரன் அவுட்டானதில் தொடங்கிய கலாட்டா முற்றி, ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி மைதானத்தில் பாகிஸ்தான் ஜெயித்தது. அதுவும் 1999தான். ஒன்றை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்?

'திருட்டு வித்தை' என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். 2025 ஜூலையில் ஒருநாள் போட்டியின் பந்து விதி மாறியதிலிருந்து நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இல்லை என்று புலம்பும் ஒற்றுமையும் இதற்குள்தான் இருக்கிறது.

ரிவர்ஸ் ஸ்விங் என்றால் பழைய பந்து காற்றில் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்புவது. முதலில் பழைய கணக்கு. 1979 மார்ச்சில் மெல்பர்னில் ஆஸ்திரேலியா 382 இலக்கைத் துரத்தி 305க்கு மூன்று என்று சௌகரியமாக இருந்தது. பாகிஸ்தானின் சர்ஃபராஸ் நவாஸ் 33 பந்துகளில் ஒரே ஒரு ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். 310க்கு ஆல் அவுட். அவரிடமிருந்து இம்ரான் கான், இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் என்று வித்தை கைமாறியது. 1992 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் லாம்ப், லூயிஸ் இருவரையும் அடுத்தடுத்த பந்துகளில் வாசிம் போல்டாக்கினார். அந்தக் கோடையில் இங்கிலாந்துக்கே போய் டெஸ்ட் தொடரை 2-1 என்று ஜெயித்தார்கள். உடனே இங்கிலாந்துப் பத்திரிகைகள் 'மோசடி' என்று கத்தின. பதின்மூன்று வருடம் கழித்து, 2005 ஆஷஸ் தொடரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அதே வித்தையை இங்கிலாந்தின் ஃப்ளின்டாஃபும் சைமன் ஜோன்ஸும் போட்டார்கள். ஓல்ட் டிராஃபோர்டில் கிளார்க் ஆடாமல் விட்ட பந்து உள்ளே வந்து ஸ்டம்பைப் பெயர்த்தது. இப்போது அதற்குப் பெயர் 'கலை'. நீங்கள் 1992ஆம் வருடத்து லண்டன் பத்திரிகையை இன்னும் மடித்து வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள்.

பாகிஸ்தான்காரர்கள் சுரண்டவே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2000இல் வக்காருக்குத் தடை விழுந்தது. 2010இல் பெர்த்தில் அஃப்ரிடி கேமராவுக்கு முன்னாலேயே பந்தைக் கடித்தார். ஆனால் 2005இல் பந்தைப் பளபளப்பாக்க மிட்டாய் எச்சிலைப் பயன்படுத்தியதாக இங்கிலாந்தின் டிரெஸ்கோதிக்கே பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2016இல் ஹோபார்ட்டில் தென்னாப்பிரிக்காவின் டு பிளெஸிக்கு அதே மிட்டாய் விவகாரத்தில் அபராதம். 2001இல் போர்ட் எலிசபெத்தில் டெண்டுல்கர் மீதே நடவடிக்கை வந்தபோது நாடு கொதித்ததே, மறந்துவிட்டதா? சுரண்டினால் ரிவர்ஸ் வந்துவிடும் என்றால் 2018 கேப் டவுனில் உப்புத்தாள் கொண்டுபோன ஆஸ்திரேலியா ஜெயித்திருக்க வேண்டும். 322 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

இனி வேலையைப் பார்ப்போம். புதுப் பந்தில் சாதாரண ஸ்விங், தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். தையலை ஸ்லிப் பக்கம், அதாவது கீப்பருக்கு அடுத்து நிற்கும் ஆள் பக்கம் சாய்த்து, பளபளப்பான பக்கத்தை லெக் திசையில், அதாவது ஆட்டக்காரரின் கால் பக்கம் வைத்துப் போட்டால், வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே போகும். பந்து போதுமான அளவு தேய்ந்து, வேகமும் மணிக்கு 135, 140 கிலோமீட்டர் ஆகும்போது, பந்தை ஒட்டி ஓடும் காற்று தையலை எட்டுமுன்பே கலங்கிவிடுகிறது. அதன்பின் தையல் அந்தக் காற்றைத் தன் பக்கம் சீக்கிரமே பிய்த்து விடுகிறது. பந்து எதிர்த்திசையில், பளபளப்பான பக்கம் நோக்கித் திரும்புகிறது. அதே பிடி, அதே கை, ஆனால் பந்து உள்ளே வரும். பளபளப்பு எந்தப் பக்கம் என்று ஆட்டக்காரர் தேடுவார் என்பதால்தான் ஓடி வரும்போது பந்தை இன்னொரு கையால் மூடிக்கொள்கிறார்கள்.

இதை ஒரு பந்துவீச்சாளர் தனியாகச் செய்யவே முடியாது. முதல் பத்துப் பதினைந்து ஓவருக்குள் எந்தப் பக்கம் அதிகம் அடிபட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைக் கைவிடுவது என்று முடிவெடுக்க வேண்டும். கைவிட்ட பக்கம் கடைசிவரை எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். மறுபக்கத்துக்கு மட்டும் நெற்றி வியர்வை, மெல்லிசாக, பிறகு தொடையில் தேய்ப்பு. எச்சில் 2020இல் கொரோனாவோடு போனது, 2022 அக்டோபரிலிருந்து சர்வதேச ஆட்டங்களில் நிரந்தரத் தடை. எனவே வியர்வைதான் எல்லாம். அதுவே எதிரியும். தேய்க்கும் பொறுப்பு ஒருவருக்கு, அதிகம் போனால் இருவருக்கு. உள்ளங்கை வியர்க்காத ஆளாகப் பார்த்து, பெரும்பாலும் பந்துவீச்சாளருக்குப் பக்கத்தில், மிட்-ஆஃபிலோ மிட்-ஆனிலோ நிறுத்துவார்கள். மற்றவர்கள் தையலில் விரல்நுனி மட்டும் பட வாங்கி உடனே தள்ளிவிட வேண்டும். கீப்பரின் கையுறை ஈரம், அதனால் அவர் பந்தை வைத்துக்கொண்டு நிற்கவே கூடாது. கவரில் நிற்கும் ஒரு புதுப் பையன் உற்சாகத்தில் ஈரக் கையால் சொரசொரப்புப் பக்கத்தைத் துடைத்துக் கொடுத்தால் முப்பது ஓவர் உழைப்பு காலி.

எல்லையிலிருந்து எறிபவர் ஆடுகளத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய ஆடுகளங்களின் காய்ந்த மண்ணில் ஒரு குத்து குத்தவைத்து எறியலாம். தூரம் அப்படி என்றால் நியாயம். பத்தடியிலிருந்தும் குத்த வைத்தால் அம்பயர் கேப்டனைக் கூப்பிடுவார். சுழற்பந்து வீச்சாளருக்கு வியர்வைக் கை என்றால் ஓவருக்கு ஓவர் துண்டு வேண்டும். சிக்ஸர் போய்க் காங்கிரீட்டில் மோதி பளபளப்புப் பக்கம் வெட்டுப்பட்டாலும், பனி இறங்கினாலும் கதை முடிந்தது. இவ்வளவையும் தாண்டினால், காய்ந்த மைதானத்தில் நாற்பது ஓவர் வாக்கில் பந்து பேசத் தொடங்கும். அப்போது ஸ்லிப்பைக் குறைத்துவிட்டு ஸ்டம்பையும் கால்காப்பையும் குறிவைக்க வேண்டும். வக்காரின் 373 டெஸ்ட் விக்கெட்டுகளில் பாதிக்கும் மேல் போல்டும் எல்பிடபிள்யூவும்தான்.

ஒற்றுமை கேட்டீர்களே. 2021 செப்டம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான ஓவல் டெஸ்டின் கடைசி நாள், உணவு இடைவேளைக்குப் பின் பழைய பந்து திரும்பத் தொடங்கியதும் பும்ரா தானே கேப்டன் கோலியிடம் போய்ப் பந்தைக் கேட்டார். 6 ஓவர், அதில் 3 ரன்னே கொடுக்காத மெய்டன், மொத்தம் 6 ரன், போப்பும் பேர்ஸ்டோவும் போல்ட். ஸ்கோர் அட்டையில் பும்ரா பெயர்தான் இருக்கும். அந்தப் பந்தைக் காய வைத்துக் கொடுத்தவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. 2025 ஓவலில் ஐந்தாம் நாள் காலை 80 ஓவர் முடிந்து புதுப் பந்து எடுக்கும் வாய்ப்பு வந்தும் கேப்டன் கில் எடுக்கவில்லை, பழைய பந்திலேயே தொடர்ந்தார். ஆறு ரன்னில் ஜெயித்தோம். ஒருவருக்கொருவர் ஐபிஎல்லில் எதிரியாக ஆடுபவர்கள்தான் அந்தப் பந்தைக் கைமாற்றினார்கள். அவர்கள் கட்டிப்பிடிப்பது நிஜமா நடிப்பா என்று ஆராய உங்களுக்கு நேரம் இருக்கிறது, பந்து யார் கைக்குப் போகிறது என்று பார்க்க இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் பார்த்த கண் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பகைமை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே விஷயம் சொல்கிறேன். கொல்கத்தா நைட் ரைடர்ஸுக்குப் பயிற்சியாளராக வந்த வாசிம் அக்ரமிடம்தான் முகமது ஷமி பாடம் கேட்டார். பாகிஸ்தான் வீரர்கள் ஐபிஎல்லில் ஆட முடியாமல் போன பிறகு நடந்தது இது.

இப்போது அந்த விதி மாற்றம். 2011இலிருந்து ஒருநாள் போட்டியில் இரண்டு முனைக்கும் தனித்தனிப் பந்து. எந்தப் பந்துக்கும் வயது 25 ஓவரைத் தாண்டாது, ரிவர்ஸ் செத்தே போனது. 2025 ஜூலையிலிருந்து 34 ஓவர் வரைதான் இரண்டு பந்து. மீதி 16 ஓவருக்கு பந்துவீசும் அணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பதினேழும் பதினாறும் முப்பத்துமூன்று. ஐம்பதாவது ஓவரில் அந்தப் பந்துக்கு 33 ஓவர் வயது. எந்தப் பந்தை வைத்துக்கொள்வது என்று 34வது ஓவரில் போய் யோசிக்க முடியாது. முதல் ஓவரிலிருந்தே இரண்டு பந்தையும் பராமரித்து வந்தால்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். பல அணிகளுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருக்கிறது.

அடுத்த ஒருநாள் ஆட்டத்தில் 20வது ஓவருக்குமேல் ரீப்ளே போடும்போது தொலைக்காட்சியைத் திட்டுவதை விட்டுவிட்டு, கீப்பரிடமிருந்து பந்துவீச்சாளர் வரை பந்து யார் யார் கை வழியாக வருகிறது, யார் தேய்க்கிறார், யார் தொடாமல் தள்ளுகிறார் என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். பாகிஸ்தான் ஆட்டமாக இருந்தால் இரண்டு அணிக்கும் குறியுங்கள்.